அமீனாவை வரச் சொல்லட்டுமா

அந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்தாலே ஹமீதா பானுவுக்குக் குமட்டியது. பெட்டி என்ன செய்யும், பாவம். நல்ல ஜப்பான் பெட்டிதான். ஆனால் அதன் நான்கு பக்கமும் "அன்பளிப்பு: நகர்மன்றத் தலைவர் ரெத்தினம்" என்று பெயின்டில் எழுதியிருந்தார்கள். அது போதாதென்று ஸ்பீக்கர் வலையின் மேலேயும் எழுதியதில், பெயின்ட் ஓட்டைகளை அடைத்துப் பாதிச் சத்தத்தைத் தின்றுவிட்டது. யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சைக்கிள் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டியிருந்தார்கள். சாவி மேட்ரன் இடுப்பில் இருந்தது.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டி வேண்டும் என்று மனு எழுதியதே ஹமீதாதான். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த முத்துக் கையெழுத்தால்தான் இந்தச் சனியனை அழைத்து உள்ளே உட்கார வைத்தாள்.

அவள் நாகப்பட்டினத்துக்காரி. இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஸ்டாஃப் நர்ஸாக வந்து பதினோரு வருஷமாகிறது. ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளைக் கிடத்தி வைக்கும் ஆறு கட்டில் அறைதான் அவளுடைய ராஜ்யம். பிள்ளைகளுக்குப் போடுகிற அந்த ஊசி மயக்கத்தில் ஒரு கோளாறு இருந்தது. தெளியும்போது இல்லாததெல்லாம் தெரியும். சுவரில் பாம்பு ஊரும், மின்விசிறியில் ஆள் தொங்குவான். பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்து தையலைப் பிய்த்துக்கொள்வார்கள். அதற்குப் பழைய வைத்தியம், கையையும் காலையும் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹமீதாவும் கட்டியிருக்கிறாள். கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மயக்க மருந்து டாக்டர் அடைக்கலராஜ் தஞ்சாவூரில் படித்துவிட்டு இங்கே வந்த பிறகுதான் வழி பிறந்தது. அவர் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த மருந்துல முழிக்கிறப்ப முதல்ல காதுதாங்க சிஸ்டர் முழிக்கும். அப்ப என்ன கேக்குதோ, அதுதான் அந்தப் பிள்ளைக்கு உலகம்."

ஹமீதா அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை அட்மிட் செய்யும்போதே தாயிடம் ஒரு கேள்வி கேட்பாள்: எந்தப் பாட்டுக்குத் தூங்கும்? பதிலைப் பிளாஸ்திரியில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுவாள். ஆபரேஷன் முடிந்ததும் தாயைக் கை கால் கழுவ வைத்து, பிள்ளையின் காதோரம் உட்கார வைத்து, அந்தப் பாட்டை மெல்லிசாகப் பாடச் சொல்வாள். சினிமாப் பாட்டு, கோயில் பாட்டு, மாதாகோயில் கீர்த்தனை, எது வேண்டுமானாலும் ஆகலாம். ஒரு பிள்ளை அதனுடைய அப்பன் ஐஸ் வண்டி மணிக்குத்தான் அடங்கியது. அவனும் மணியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து ஆட்டினான். இரண்டு வருஷமாகக் கட்டுகிற துணியை யாரும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.

சில பிள்ளைகளுக்குத் தாய் கிடையாது. சில தாய்மார்களுக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொள்ளும். முன்கூட்டியே பாடிப் பதிந்து வைத்துக்கொள்ள ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தால் நல்லது என்று ஹமீதா மனு எழுத, டாக்டர் கையெழுத்துப் போட்டார். மனு ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டித் தலைவர் ரெத்தினம்.

ரெத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. நீடாமங்கலம் பக்கம் வாய்க்கால் பாய்கிற இடமெல்லாம் அவர் நிலம்தான். உச்சவரம்புச் சட்டம் வந்ததும் மாமியார் பேரிலும், வைக்காத பள்ளிக்கூடத்தின் பேரிலும், கட்டாத கோயிலின் பேரிலும் பிரித்து எழுதிவிட்டு, மேடையேறி உழுபவனுக்கே நிலம் என்று முழங்குவார். கைதட்டல் வாங்குவார். கூட்டம் முடிந்ததும் தாய்மார்கள் பெயர் வைக்கச் சொல்லி நீட்டும் கைக்குழந்தைகளுக்கெல்லாம் நல்ல தமிழ்ப் பெயராக வைப்பார். இப்படிப்பட்டவருக்கு மனுவில் இருந்த ஒரே ஒரு சொல்தான் கண்ணில் பட்டது: பாட்டு. தாயின் பாட்டைப் பதிவதாவது, மண்ணாங்கட்டியாவது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வீணைக் கேசட், அதையும் தானே தஞ்சாவூரில் ஆள் வைத்துத் தயார் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார்.

கேசட் வந்தது. திறப்பு விழா வரை யாரும் போடக் கூடாது என்று மேட்ரன் பூட்டி வைத்துக்கொண்டார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். இனிமேல் தாய்மார்கள் உள்ளே வரக் கூடாது, கிருமி பரவும், அதுதான் பெட்டி வந்துவிட்டதே. இரண்டு வருஷமாகப் பரவாத கிருமி இப்போது எப்படிப் பரவும் என்று ஹமீதா கேட்டாள். மேட்ரன் தலைமாட்டுப் பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே, சேர்மன் வரும்போது சுவரெல்லாம் கிறுக்கலாக இருக்கக் கூடாது என்றார்.

திறப்பு விழா புதன்கிழமை பத்து மணிக்கு. விழாவுக்கு ஒரு பிள்ளை வேண்டும். சேர்மன் பொத்தானை அமுக்குகிற நேரத்தில் மயக்கம் தெளிகிற பிள்ளையாக வேண்டும். பட்டியலைப் புரட்டி, குடலிறக்கத்துக்காக வந்திருந்த ஆறு வயதுச் சிறுமியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் தமிழரசி. தாய் காத்தாயி, நீடாமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கூலிக்காரி.

செவ்வாய்க்கிழமை அவளிடமும் ஹமீதா வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தாள். காத்தாயி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "தாலாட்டெல்லாம் எங்கங்க நர்சம்மா. வரப்புப் புங்க மரத்துல சேலையக் கட்டி இதைப் போட்டுட்டு நாங்க நடவுக்கு எறங்கிடுவோம். நடவுப் பாட்டுக்கே தூங்கிடும்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, இப்போது அந்த வயல் இல்லை என்றாள். ஹமீதா ஏன் என்று கேட்கவில்லை. அந்த வார்டில் இரண்டு தாய்க்கு ஒரு தாய் அதையேதான் சொன்னாள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. 'நடவு' என்று மட்டும் எழுதி ஒட்டினாள். அதையும் மேட்ரன் உரித்துவிட்டார்.

புதன்கிழமை பத்தாயிற்று. சேர்மனைக் காணவில்லை. பதினொன்றாயிற்று, அப்போதும் காணவில்லை. முந்தின நாள் ராத்திரி உண்ட சோற்றோடு பிள்ளை வெறும் வயிற்றில் கிடந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. முதலில் தண்ணி, தண்ணி என்றது. பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கே ஆபரேஷனை முடித்திருக்கலாம். டாக்டர் அடைக்கலராஜ் இரண்டு முறை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். சேர்மன் வீட்டிலிருந்து போன் வரட்டும் என்று பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதன் காலை ஆகாரம் முடித்துக் கை கழுவுவதற்காக ஒரு பிள்ளை தாகத்தில் கிடக்கிறது. ஹமீதா ஈரப் பஞ்சால் அதன் உதட்டைத் துடைத்தாள். பஞ்சைப் பிள்ளை கடித்து உறிஞ்சப் பார்த்தது. சீ, நாமெல்லாம் சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறோமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பதினொன்றே முக்காலுக்குப் போன் வந்தது. பிள்ளையை உள்ளே எடுத்தார்கள். ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. அழ விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தனியாகச் சொன்னார். அழுது முக்கினால் வயிறு இறுகும், தையல் தாங்காது, மறுபடியும் மயக்கம் கொடுத்துத் திறக்க வேண்டிவரும், இந்த உடம்பில் ஒரே நாளில் இரண்டு மயக்கம் என்றால் அவருக்கே பயம் என்றார். தலைமாட்டில் தாய் இருந்தால் ஹமீதாவுக்குக் கவலையில்லை. தாயோ வராந்தாவில், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், மற்றத் தாய்மார்களோடு குந்தியிருந்தாள்.

சேர்மன் பரிவாரத்தோடு வந்து நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் நுழைந்தார். அங்கே அசோகா அல்வாவும் போண்டாவும் தயாராக இருந்தன. தின்றுவிட்டு வார்டுக்கு வந்தபோது அவர் விரல்களில் நெய் மினுமினுத்தது. சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. பேப்பரிலிருந்து வந்த ஒருவன் கேமராவோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி இடம் பார்த்தான். பிள்ளையின் இமைகள் அசையத் தொடங்கின. சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று டாக்டர் கையால் சாடை காட்டினார். சேர்மன் அதைக் கும்பிடு என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, நெய் விரலால் பொத்தானை அமுக்கினார்.

டம், டம், டம் என்று தமுக்குச் சத்தம் அதிர்ந்தது. பிறகு ஒரு கட்டைக் குரல்: "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்…"

பழைய ராஜா காலத்துப் பாணியில் தன் நன்கொடையை அறிவித்துவிட்டு அப்புறம் வீணையை ஆரம்பித்தால் புதுமையாக இருக்கும் என்பது சேர்மனின் சொந்த யோசனை. கொடை வள்ளல், ஏழைப் பங்காளர் என்று குரல் அடுக்கிக்கொண்டே போக, ஒவ்வொரு பட்டத்துக்கும் நடுவில் தமுக்கு அதிர்ந்தது. சேர்மன் சுற்றி நின்றவர்களைப் பெருமையாகப் பார்த்தார். அவர்களும் சிரித்து வைத்தார்கள்.

தமிழரசி கண்ணை அகல விரித்தாள். "அமீனா" என்றாள். பிறகு உரக்க, "அமீனா, அமீனா" என்றாள்.

ஹமீதாவுக்கு உயிர் வந்தது. பிள்ளை யாரையோ பேர் சொல்லித் தேடுகிறது, பிடி கிடைத்துவிட்டது. அவளுடைய சொந்த அக்காள் பெயரே அமீனாதான். பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும், தூக்கி வளர்த்தவளாக இருக்கும் என்று அவள் மனம் ஒரு நொடியில் கதை கட்டிவிட்டது. பிள்ளையின் காதருகே குனிந்தாள். பதினோரு வருஷத்தில் பழக்கிய, அவளிடம் உள்ளதிலேயே இதமான குரலில் சொன்னாள்: "அமீனா இங்கதான் இருக்காங்க கண்ணு. வெளியிலதான் நிக்கிறாங்க. உள்ள வரச் சொல்லட்டுமா?"

பிள்ளை போட்ட அலறலில் கேமராக்காரன் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். அது கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்த்தது. கையில் குத்தியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டு தொங்கியது. டாக்டர் தோளைப் பிடித்தார். பிடித்த கையைக் கடித்தது. ஹமீதா இன்னும் புரியாமல், அமீனா சீக்கிரம் வந்தால் சரியாகிவிடும் என்று நம்பி, வராந்தாப் பக்கம் திரும்பி, அமீனா யாரும்மா, உடனே உள்ளே வாங்க என்று கூப்பிட்டாள்.

கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் காத்தாயி. "அமீனான்னா பொம்பளை இல்லைங்க நர்சம்மா" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "கோர்ட்டு அமீனாங்க. எங்கள வயல விட்டு எறக்க வந்தவரு. இதே தமுக்கு, இதே பேச்சு. அதை நிறுத்துங்க, ஒங்க கால்ல விழறேன்."

ஹமீதாவுக்குத் தெரியாத சொல்லா? கோர்ட்டு உத்தரவை நிறைவேற்ற வருகிற சேவகனுக்கு இந்த ஜில்லா முழுக்க அமீனா என்றுதான் பெயர். பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறாள். வெற்றிலை போடும்போது எத்தனை பேர் பேசக் கேட்டிருக்கிறாள். குத்தகைப் பதிவேட்டில் காத்தாயி புருஷன் வீரையன் பேர் ஏறவில்லை, அதனால் மூன்று தலைமுறையாக உழுதவன் குத்தகைதாரனே இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இரண்டு மாசத்துக்கு முன் அமீனா தமுக்கடிப்பவனோடு வயலில் இறங்கி, சகலமானவர்களுக்கும் அறிவித்துவிட்டு, வரப்பு ஓரத்துக் குடிசையைப் பிரிக்கச் சொன்னார். காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்த பிள்ளையைப் பாயோடு தூக்கி நாற்றங்காலில் வைத்தார்கள். இவ்வளவையும் ஹமீதா பிற்பாடு காத்தாயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமையே ஒரு சொல் கேட்டிருந்தால் போதும்.

அவள் பெட்டியை நிறுத்தப் பாய்ந்தாள். சேர்மன் கை பெட்டி மேல் இருந்தது. "இரும்மா, இனிமேதான் வீணை வருது" என்றார் அவர். ஹமீதா சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

காத்தாயி கட்டிலில் ஏறி உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். காதில் வாயை வைத்துப் பாடத் தொடங்கினாள். அதில் நீட்டலும் இழுப்பும் இல்லை. குனிந்து குனிந்து நிமிர்கிற இடுப்புக்கு ஏற்ற பாட்டு அது. ஒவ்வொரு அடிக்கும் பிள்ளையின் உள்ளங்கையில் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள், நாற்றை எடுத்துச் சேற்றில் ஊன்றுகிற மாதிரி. நாலைந்து வரிசை நட்டிருப்பாள். பிள்ளையின் கால் உதறல் நின்றது. இன்னும் இரண்டு வரிசையில் கண் செருகியது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் ஹமீதா மனிதர்களை மன்னித்திருப்பாள்.

கேமராக்காரன் முதலில் தெளிந்தான். ஐயா பெட்டி மேல் கை வைக்கட்டும், பிள்ளை இப்போது நல்லபடியாகத் தூங்குகிறது, படம் எடுத்துவிடலாம் என்றான். மேட்ரன் காத்தாயியின் தோளைப் பிடித்துப் படத்துக்கு வெளியே தள்ளினார். சேர்மன் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, பேர் என்னம்மா என்று கேட்டார். சுவரோடு ஒட்டி நின்ற காத்தாயி தரையைப் பார்த்துச் சொன்னாள்: "தமிழரசிங்க. நீங்க வச்ச பேருதாங்கய்யா."

அவருக்கு ஒரு நொடி முகம் மாறியது. ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நிலத்துக்காரராக வரப்பில் குடை பிடித்து நின்று குடிசை பிரிவதைப் பார்த்தவர் அவர்தானே. ஆனால் நம்முடைய பெரிய மனிதர்கள் விழுந்தால் எழத் தெரிந்தவர்கள். பார்த்தீர்களா, நான் பெயர் வைத்த பிள்ளை, நான் கொடுத்த பாட்டில் தூங்குகிறது என்று நாக்குத் தழுதழுக்கச் சொன்னார். மறுநாள் பேப்பரில் அதுவே தலைப்பாக வந்தது. படத்தில் பெட்டி தெளிவாக இருந்தது. பிள்ளையின் தலையில் நெய்க் கறை தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு முழங்கை இருந்தது, அது காத்தாயியுடையது.

கார்கள் போன பிறகு ஹமீதா போர்வையை விலக்கினாள். வயிற்றுக் கட்டு சிவந்து ஊறியிருந்தது. தையல் போய்விட்டது. அடைக்கலராஜ் பார்த்துவிட்டுத் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லப் போனார். அந்த ஒரே நாளில் இரண்டாவது மயக்கம்.

அவர் போனதும் ஹமீதா கேசட்டை வெளியே எடுத்தாள். தையல் வெட்டுகிற கத்தரியால் நாடாவை இழுத்து வெட்டினாள். தமுக்கு, சகலமானவர்கள், கொடை வள்ளல், ஏழைப் பங்காளர் எல்லாம் முழ முழமாகக் கையில் வந்தன. மலப் பஞ்சும் ரத்தத் துணியும் போடுகிற வாளியில் அதைப் போட்டாள். அதற்கு அதுதான் இடம். மேட்ரன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அரசாங்கச் சொத்து, மெமோ வரும் என்றார். எழுதிக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்றாள் ஹமீதா. இந்தப் பிள்ளை முழிக்கும்போது தாய் தலைமாட்டில் இருப்பாள், முடிந்தால் தடுத்துப் பாருங்கள் என்றும் சொன்னாள். மேட்ரன் தடுக்கவில்லை.

எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். தள்ளுவண்டியில் பிள்ளையைத் தியேட்டருக்கு நகர்த்தும்போது வழக்கம்போலப் பக்கத்தில் போய்ப் பயப்படாதே கண்ணு என்றாள். அந்தக் குரல் காதில் விழுந்ததும் பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. உடம்பு தூக்கிப் போட்டது.

"இவங்கதான் அமீனாவக் கூப்புட்டாங்க" என்றது.

இல்லை என்று சொல்ல ஹமீதா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த வாளியில் போட வேண்டியது இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அதை எந்தக் கத்தரியாலும் வெட்டி எடுக்க முடியாது.

நான்கு மணிக்குப் பிள்ளையை மறுபடியும் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். தையல் பிடித்துவிட்டது என்றும், இந்த முறை முக்காமல் முழித்துவிட்டால் பிழைத்தோம் என்றும் டாக்டர் சொன்னார். ஹமீதா காத்தாயியைக் கை கால் கழுவ வைத்தாள். தலைமாட்டில் ஸ்டூல் போட்டாள். புதுப் பிளாஸ்திரியில் 'நடவு' என்று எழுதி ஒட்டினாள். பிறகு யாரும் சொல்லாமலே கம்பிக் கதவைத் தாண்டிப் போய், காலையில் தாய்மார்கள் குந்தியிருந்த வராந்தாவில், கதவோரம் நின்றாள். தன் குரல் உள்ளே போகக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே பாட்டு ஓடியது. வரிசை வரிசையாக, குனிந்து நிமிர்ந்து ஓடியது. வெகு நேரத்துக்குப் பிறகு நின்றது. பிள்ளையின் குரல் கம்மலாகக் கேட்டது.

"அமீனா போயிட்டானாம்மா?"

"போயிட்டான் தங்கம்."

"அந்த நர்சம்மா?"

கதவுக்கு வெளியே காற்றில் அசைகிற வெள்ளை முந்தானை காத்தாயியின் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"அவங்களும் போயிட்டாங்க" என்றாள்.

ஹமீதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் எழாமல் அங்கிருந்து போனாள்.